4096 பிக்சல் போட்டும் மீனவர் பிளாஸ்டிக் பொம்மையாகத் தெரிவது ஏன்? – சான் ஆண்ட்ரியாஸ் ஆள் மாடல்களும் பாம்பன் பின்னணியும்

3 மே 2025 – கேள்வி (தொண்டியிலிருந்து ஒரு வாசகர்)

ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் கணினி ஆட்டத்தில் ஒரு பாதசாரியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் எங்கள் ஊர் மீனவர் ஒருவரை வைத்திருக்கிறேன். மாடலின்மேல் போர்த்தும் படமான டெக்ஸ்சர் 4096 பிக்சல், உடலை ஆக்கும் முக்கோணங்கள் நாற்பதாயிரம். மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் பார்த்தால் ஆள் எதிரே நிற்பதைப் போல இருக்கிறது. ஆட்டத்துக்குள் கொண்டுபோனால் திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடுகிறார். நடக்கும்போது கைலி நடுவில் பிரிந்து கால்சட்டையாகிறது. 8192 பிக்சல் போட்டால் சரியாகுமா? பின்னணிக்குப் பாம்பன் பாலத்தையும் தனுஷ்கோடியையும் வைக்க எண்ணுகிறேன். அதற்கும் வழி சொல்லவும்.

4 மே 2025

சரியாகாது. 8192 போட்டால் ஆட்டம் திக்கித் திக்கி நிற்பது ஒன்றுதான் நடக்கும்.

4096-ஐ 4096-ஆல் பெருக்கினால் ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம் பிக்சல் வரும். சுருக்காமல் வைத்தால் பிக்சலுக்கு நான்கு பைட் வீதம் 64 எம்பி. இந்த ஆட்டம் 2004இல் முதலில் வெளிவந்தது பிளேஸ்டேஷன் 2-க்கு. அந்தப் பெட்டியின் முதன்மை நினைவகமே மொத்தம் 32 எம்பிதான். ஒரு நகரம் முழுவதையும் ஓட்டுவதற்குப் போதுமாயிருந்த இடத்தைப்போல் இரண்டு மடங்கை உங்கள் மீனவர் தனியொருவராக எடுத்துக்கொள்கிறார். 2005இல் வந்த கணினிப் பதிப்புக்கு அவ்வளவு நெருக்கடி இல்லை என்றாலும் அடியில் இருப்பது அதே எஞ்சின்தான்.

சரி, நினைவகம் போகட்டும். கண்ணுக்காவது பயன் உண்டா என்று பார்த்தால் அதுவும் இல்லை. 1080 பிக்சல் உயரமுள்ள திரையில் நமக்கு முன்னால் நடந்துபோகும் ஆள் பெரும்பாலும் 300, 400 பிக்சலுக்கு மேல் உயரமாக இருப்பதில்லை. அதில் தலை ஏழில் ஒரு பங்கு, எட்டில் ஒரு பங்கு. ஐம்பது பிக்சலில் தெரியப்போகும் முகத்துக்கு மயிர்க்கால் வரைக்கும் தீட்டியிருக்கிறீர்கள். நானும் இதையே செய்தவன்தான். பகலில் எனக்கு பிளக்ஸ் வடிவமைக்கும் வேலை. இருபதடி பேனரில் மீசை மயிர் தெரியவேண்டும் என்று பழகிய கை, மூன்றங்குல ஆளுக்கும் அதையே செய்தது.

1024 போதும். சுற்றி நிற்கும் மற்ற ஆட்களுக்கு 512 போதும். முக்கோணம் ஐயாயிரத்துக்குள் இருக்கட்டும்.

4 மே 2025, இரவு

டி.எக்ஸ்.டி. கோப்பை டி.எக்ஸ்.டி. முறையில் சுருக்குங்கள் என்று தனிச்செய்தியில் எழுதினேன். கேட்டவர் நான் உளறுவதாக நினைத்துவிட்டார். குற்றம் என்னுடையதும் அன்று, அவருடையதும் அன்று. டெக்ஸ்சர்களை அடைத்துவைக்கும் கோப்பின் பெயரும், அவற்றைச் சுருக்கும் முறையின் பெயரும் ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று திருப்பிப்போட்ட எழுத்துகள். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. இனிமேல் முன்னதை டெக்ஸ்சர் கோப்பு என்றும், பின்னதைச் சுருக்கம் 1, சுருக்கம் 5 என்றும் எழுதுகிறேன். சுருக்கம் 1-இல் பிக்சலுக்கு அரை பைட். ஒரு 1024 டெக்ஸ்சர் அரை எம்பியில் அடங்கிவிடும். ஒளிபுகும் பகுதிகளில் படிப்படியான மங்கல் வேண்டுமானால் மட்டும் சுருக்கம் 5. அதற்கு இடம் இரட்டிப்பாகும். மீனவருக்கு அது தேவையில்லை.

11 மே 2025

கைலிக்கு வருவோம். உங்கள் கேள்வியில் உண்மையான கேள்வி இதுதான்.

மாடலின் ஒவ்வொரு வெர்டெக்ஸும் (முக்கோணங்களின் மூலைப்புள்ளி) உள்ளிருந்து அசைக்கும் எலும்புக்கூட்டின் எந்த எலும்புக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதை எடைகளால் சொல்கிறோம். இந்த எஞ்சினில் ஒரு வெர்டெக்ஸுக்கு அதிகபட்சம் நான்கு எலும்புகள். எடைகளின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்கவேண்டும். பிளெண்டரின் தானியங்கி எடை, அருகில் இருக்கும் எலும்பு எது என்று பார்த்து இடப்பக்கத்துத் துணியை இடது தொடைக்கும் வலப்பக்கத்துத் துணியை வலது தொடைக்கும் கொடுத்துவிடுகிறது. அதற்குத் துணி என்றால் என்னவென்று தெரியாது. கால் பிரியும்போது கைலியும் பிரிகிறது.

நான் கடைசியில் கைக்கொண்ட முறை வருமாறு. இடுப்பிலிருந்து ஒரு சாண் கீழே வரைக்கும் முழு எடையும் இடுப்பெலும்புக்கு. அதற்குக் கீழே முன்பக்க நடுக்கோட்டிலும் பின்பக்க நடுக்கோட்டிலும் உள்ள வெர்டெக்ஸ்களுக்கு இரண்டு தொடைக்கும் பாதிப்பாதி. அங்கிருந்து பக்கவாட்டுக்குப் போகப்போக அந்தந்தப் பக்கத்துத் தொடையின் பங்கு ஏறவேண்டும். ஆனால் வெளி ஓரத்தில்கூட முக்கால் பங்கைத் தாண்டக்கூடாது, மிச்சம் எதிர்த் தொடைக்கோ இடுப்புக்கோ போகவேண்டும். ஒரு கால் முன்னே போகும்போது மற்றப் பக்கத்துத் துணியும் கொஞ்சம் இழுபடுகிறதல்லவா, அந்த இழுவைதான் பார்ப்பவருக்கு ‘இது துணி’ என்று சொல்கிறது.

கைலியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிவிடுங்கள். கணுக்கால் வரை தொங்கவிட்டால் கெண்டைக்கால் எலும்பையும் கணக்கில் சேர்க்கவேண்டும். உட்காரும்போதும் வண்டியில் ஏறும்போதும் துணி கிழிந்து பறக்கும். மடித்துக் கட்டினால் அந்த எலும்பே வேண்டாம், பாதி வேலை குறையும். கரையில் வலை இழுக்கிறவர் எவரும் கைலியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதில்லை என்பதால் உண்மைக்கும் பொருத்தம். எங்கள் பக்கத்தில் வேலைக்கும் சண்டைக்கும் முதல் படி அதுதான்.

12 மே 2025

நேற்று எழுதியதில் ஒரு குறை. பாதிப்பாதி எடை கொடுத்த நடுக்கோட்டில், ஓடும் அசைவின்போது துணி உள்ளே ஒடுங்கிப் பள்ளமாகும். இரண்டு எலும்புகள் எதிரெதிரே திரும்பும்போது அவற்றின் சராசரி நடுவில் சுருங்கிவிடுவதுதான் காரணம். இதற்கு எடையில் மருந்து இல்லை, வடிவத்தில்தான் இருக்கிறது: மடிப்பின் முன்பக்கத்தை ஓரிரு விரற்கடை முன்னே புடைக்கச் செய்யுங்கள். மடித்துக் கட்டிய கைலி உண்மையிலும் அங்கே தடித்துத்தான் நிற்கிறது. நான் அதை ஒரு கோடாக டெக்ஸ்சரில் வரைந்து ஏமாற்றப் பார்த்திருந்தேன்.

முழங்கைக்கும் இதே நோய். மூட்டின் மேல் ஒரு வெர்டெக்ஸ் வளையம், நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று வளையங்கள் இருந்தால் கை மடங்கும். ஒன்றே ஒன்று இருந்தால் தோட்டக் குழாயை மடக்கியதுபோல நசுங்கும். நாற்பதாயிரம் முக்கோணம் வைத்திருந்த உங்கள் மாடலைத் திறந்து பார்த்தேன்: காதுக்குள் மட்டும் ஆயிரத்து முந்நூறு, முழங்கையில் ஒரே வளையம்.

18 மே 2025

தோல் நிறம். இதைப் பற்றி எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

நான் செய்த முதல் மீனவர் சாம்பல் பூத்திருந்தார். ஆட்டத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு வெளிர்நிறத் தோலை எடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக் கறுப்பாக்கியிருந்தேன். வெளிச்சத்தை மட்டும் குறைத்தால் நிறத்தின் செழுமையும் சேர்ந்து சாகிறது, எஞ்சுவது அழுக்கு. இரண்டாவது முறை பழுப்பை ஏற்றினேன். இந்த முறை மரப்பாச்சி வந்தது. என் தொழிலில் ஒரு நாளைக்குப் பத்து முகத்தையாவது வெளுக்கவைக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் முகம் வெளுக்கவேண்டும்; வெளுக்காவிட்டால் பணம் தருவதற்கு முகம் சுளிப்பார்கள். பதினோரு ஆண்டு அந்த வேலை பார்த்த கண்ணுக்குக் கறுப்பான தோலை எப்படிப் பார்ப்பது என்பது மறந்துபோயிருந்தது என்பதை மாடல் செய்யும்போதுதான் கண்டுகொண்டேன்.

பிறகு பாம்பனில் மாமா வலை பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காலை ஏழு மணி. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வானத்தின் வெளிர்நீலம் படிந்திருந்தது. காது மடலில் வெயில் ஊடுருவிச் செம்பு நிறம். உதட்டின் கீழ்ப்பகுதி சற்று வெளிறியிருந்தது. முழங்கை முட்டியும் விரல் கணுக்களும் மற்ற இடத்தைவிடக் கறுத்திருந்தன. உள்ளங்கை வேறொருவருடையதைப்போல வெளுப்பு. முன்கையில் உப்புக் காய்ந்த பொருக்கு, அதன் விளிம்பு மட்டும் வெள்ளை. ஒரு தோலுக்குள் ஏழெட்டு நிறம் இருந்தது. நான் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டெக்ஸ்சரில் இதைக் கொண்டுவரும்போது இரண்டைக் கவனிக்கவேண்டும். முதலாவது, அடிநிறத்தை நீங்கள் சரியென்று நினைப்பதைவிட ஒரு படி வெளிச்சமாகவே வையுங்கள். ஆட்டத்தின் சூழல் ஒளி அதைத் தானே இறக்கும். இதற்கும் பேனர் வெளுப்புக்கும் வேறுபாடு உண்டு: இங்கே நிறத்தின் சாயல் மாறுவதில்லை. இரண்டாவது, பளபளப்பை அளவோடு தீட்டுங்கள். இந்த எஞ்சின் ஆட்களுக்குத் தானாகப் பளபளப்பைப் போடாது. வியர்வை மினுக்கம் வேண்டுமானால் நெற்றியில் கையால்தான் தீட்டவேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் ஆள் எண்ணெய்க் கொப்பரையிலிருந்து எழுந்து வந்தவராவார். உங்கள் பிளாஸ்டிக்குக்குப் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

19 மே 2025

என் மீனவரின் கழுத்தில் தூரத்திலிருந்து ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அத்தை மகன் பார்த்துவிட்டு, “தாயத்துக் கயிறெல்லாம் போட்டிருக்கீங்களே மச்சான்” என்று பாராட்டினான். நான் கயிறு எதுவும் போடவில்லை. யூவி தீவுகளைச் (மாடலின் பரப்பைத் துண்டுதுண்டாக விரித்து டெக்ஸ்சரில் பதித்த பகுதிகளை) சுற்றி நிறத்தை வழியவிடாமல் வெட்டியிருந்ததால், தூரத்துக்காகத் தயாராகும் டெக்ஸ்சரின் சிறிய பிரதிகளில் பின்னணியின் வெள்ளை உள்ளே கசிந்திருக்கிறது. 1024 டெக்ஸ்சரில் தீவைச் சுற்றி எட்டு பிக்சலாவது அதே நிறத்தை நீட்டிவிடுங்கள். பாராட்டை நான் மறுக்கவில்லை.

8 ஜூன் 2025

விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் என்பதால், படகைச் சுற்றி வந்து படமெடுக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது. கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருக்கும் படகு ஒன்றை உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு 180 படம் எடுத்தேன். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றின்மேல் ஒன்று விழும்படி எடுத்தால், படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மென்பொருள் தானே கட்டிக்கொள்ளும்.

பாதிப் படகு அருமையாக வந்தது. மறுபாதி கிழிந்த சாக்காக வந்தது. அந்தப் பக்கம் முந்தின நாள்தான் எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு புள்ளி எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி தெரிந்தால்தான் மென்பொருளுக்கு அது எங்கே இருக்கிறது என்று புரியும். மினுக்கமோ நாம் நகர நகரத் தானும் நகர்கிறது. பழைய பெயிண்ட், உரிந்த மரம், துரு, இவைதான் ஸ்கேனுக்கு நல்லவை. வெயிலும் பகைதான். உச்சி வெயிலில் எடுத்தால் நிழல் டெக்ஸ்சரிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆட்டத்தில் இரவானாலும் படகின் அடியில் பகல் நிழல் கிடக்கும். மேகமூட்டத்துக்குக் காத்திருங்கள் என்று வெளியூர்க் காணொளிகளில் சொல்கிறார்கள். இராமநாதபுரத்தில் ஜூன் மாதம் மேகத்துக்குக் காத்திருப்பவன் ஐப்பசி வரை காத்திருக்கவேண்டும். சூரியன் எழுவதற்கு முந்தைய இருபது நிமிடம்தான் நமக்கு வாய்த்தது. மறுபாதியை அப்படித்தான் எடுத்தேன். அதற்குள் பெயிண்டின் மேல் கச்சான் காற்று ஒரு படலம் புழுதியையும் போர்த்தி உதவியிருந்தது.

ஸ்கேனில் வந்தது இருபது லட்சம் முக்கோணம். அதை அப்படியே வைக்கக்கூடாது. அதன்மேல் மூவாயிரம் முக்கோணத்தில் கையால் புதிதாக ஒரு படகைக் கட்டி, நிறத்தை மட்டும் அதற்கு இறக்கிக்கொள்ளவேண்டும். அணியத்தின் (படகின் முன்முனை) வளைவுக்குத் தாராளமாகச் செலவிடுங்கள். தூரத்தில் படகு படகாகத் தெரிவது அந்த வளைவால்தான். தட்டையான பக்கப் பலகைக்கு நான்கு முக்கோணம்கூட அதிகம்.

வலைக் குவியலை ஒளிபுகும் டெக்ஸ்சரால் செய்யாதீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக ஒளிபுகும் பரப்புகள் வந்தால் எதை முதலில் வரைவது என்று இந்த எஞ்சின் குழம்பி, வலைக்குப் பின்னால் நிற்கும் ஆளின் கால் மறைந்துபோகும். குவியலை ஒரு மேடாகச் செய்து, வலைக்கண்களை அதன்மேல் தீட்டிவிடுங்கள். காயப்போட்ட ஒற்றை வலை ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் ஆட்டத்தின் பொருள்களைப் பட்டியலிடும் ஐடிஈ கோப்பில் அதன் வரியில் 4 என்ற கொடியைச் சேர்த்தால் அது கடைசியில் வரையப்படும்.

15 ஜூன் 2025

விடுபட்ட அடிப்பகுதியைப் படமெடுக்கப் போனேன். படகு கடலுக்குப் போய்விட்டது. தேதியை நானே மேலே எழுதியிருக்கிறேன்.

29 ஜூன் 2025

பாலம். நீங்கள் பாலம் முழுவதையும் ஒரே மாடலாகச் செய்து அனுப்பியிருக்கிறீர்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. அதன்மேல் நடந்தால் சிறிது தூரத்தில் ஆள் கடலுக்குள் விழுகிறார். ரயில் பாலம் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளம். இந்த ஆட்டத்தின் மோதல் வடிவம் (காலைத் தாங்கும், கண்ணுக்குத் தெரியாத வடிவம்) வெர்டெக்ஸ் இடங்களை 16 பிட் எண்களாக, ஒரு மீட்டரை 128 பங்காக்கிச் சேமிக்கிறது. எனவே மாடலின் மையத்திலிருந்து எந்தப் பக்கமும் 256 மீட்டரைத் தாண்டமுடியாது. கண்ணுக்குத் தெரியும் வடிவத்துக்கு இந்த எல்லை இல்லை. அதனால்தான் பாலம் தெரிகிறது, கால் மட்டும் தரையைக் காணவில்லை.

1914இல் திறந்த பாலத்தைக் கட்டியவர்களே நமக்கு வேலையைச் சுலபமாக்கி வைத்திருக்கிறார்கள். ஒரே மாதிரிக் கண்கள் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகள்) கரையிலிருந்து நடுக்கடல் வரை திரும்பத் திரும்ப வருகின்றன. ஐந்து கண்களை ஒரு துண்டாகச் செய்து அதையே வரிசையாக அடுக்குங்கள். ஆனால் ஒரே துண்டை அடுக்கினால் தூணில் ஒட்டிய கொட்டலசும் துருவும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வகைத் துண்டு செய்து, இடையிடையே 180 பாகை திருப்பி வையுங்கள். நான்கு வகை இருப்பதாகக் கண் நம்பும். நடுவில் இரண்டு பக்கமும் மேலே எழும் தூக்கு மட்டும் தனி மாடல்.

ஒரு துண்டின் பார்வைத் தூரத்தை (எவ்வளவு தூரம் வரை அது வரையப்படும் என்ற எண்) 300-க்கு மேல் கொடுத்தால் ஆட்டம் அதைத் தூரப் பொருளாக நடத்தத் தொடங்கிவிடும். அசல் துண்டுகளுக்கு 299. மண்டபத்துக் கரையிலிருந்து பார்க்கும்போது தெரிவதற்குப் பாலம் முழுவதற்கும் தட்டையான எளிய தூர மாடல் ஒன்று.

எந்தக் காலத்துப் பாலத்தைச் செய்கிறீர்கள் என்று முதலில் முடிவெடுங்கள். பழைய பாலத்தில் ரயில் 2022 டிசம்பரோடு நின்றது. புதியது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது, அதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி இரண்டு கோபுரங்களுக்கு இடையே 17 மீட்டர் நேர்மேலாக எழும்புகிறது. உங்கள் படத்தில் பழைய தூக்கு, புதிய கோபுரம், இரண்டும் ஒரே தண்டவாளத்தில் இருக்கின்றன. 2025 ஜூன் நிலையைக் காட்டவேண்டுமானால் இரண்டு பாலமும் அருகருகே நிற்கவேண்டும்; சாலைப் பாலத்தையும் மறக்கவேண்டாம். அதிலிருந்துதான் எல்லோரும் வண்டியை நிறுத்தி ரயில் பாலத்தைப் பார்க்கிறார்கள். ஆட்டக்காரரும் அங்கேதான் நிற்பார்.

13 ஜூலை 2025

தனுஷ்கோடி. 1964 டிசம்பர் புயலுக்குப் பின் மிஞ்சிய தேவாலயச் சுவர் பவளக்கல்லால் ஆனது. அதற்கு ஒரு சதுர மீட்டர் டெக்ஸ்சரை எடுத்துச் சுவர் முழுவதும் பரப்பினேன்; குளியலறை ஓடு பதித்ததுபோல ஆயிற்று. டெக்ஸ்சரைப் பெரிதாக்குவதை விட்டுவிட்டு வெர்டெக்ஸ் நிறத்துக்குப் போனேன். இந்த ஆட்டத்தில் நிலப்பொருள்களுக்கு வெர்டெக்ஸ் நிறம் இரண்டு தொகுதியாக வைக்கலாம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மணலோடு சேரும் அடிப்பகுதியில் கொஞ்சம் மஞ்சள், வளைவின் உட்புறத்தில் இருட்டு, கூரையில்லாத மேல்விளிம்பில் வெளுப்பு என்று பரந்த அளவில் தீட்டியவுடன் ஓடு மறைந்து சுவர் வந்தது. இதற்கு நினைவகச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இரவுத் தொகுதியில் வெறும் கறுப்பைத் தீட்டாதீர்கள்; அங்கே நிலா வெளிச்சத்தில் மணல்தான் விளக்கு, சுவரின் அடி மேற்பகுதியைவிடச் சற்று வெளிச்சமாக இருக்கும்.

வானம் உங்கள் படத்தில் ஆட்டத்தின் அசல் லாஸ் ஏஞ்சலஸ் பாணி வானமாகவே இருக்கிறது. வானத்தின் நிறத்தையும் ஒளியையும் தீர்மானிக்கும் டைம்சைக் கோப்பில் ஒவ்வொரு வானிலைக்கும் ஒரு நாளில் எட்டு நேரங்களுக்கான வரிகள் உண்டு: நள்ளிரவு, காலை 5, 6, 7, நண்பகல், மாலை 7, 8, 10. நண்பகல் வரியில் வானத்தின் அடிநிறத்தை நீலத்திலிருந்து எடுத்து, கிட்டத்தட்ட வெள்ளையாக்குங்கள். நம் ஊரில் பன்னிரண்டு மணிக்கு அடிவானம் என்று ஒன்று தெரிவதில்லை. கடலும் வானமும் ஒட்டிக்கொள்கின்றன. மூடுபனி தொடங்கும் தூரத்தைக் கொஞ்சம் அருகில் கொண்டுவந்தால் அந்த ஒட்டல் கிடைக்கும். சீமைக்கருவேலம் வரும் உச்சிப்புளிப் பக்கத்துக்கும் இதே வரி பொருந்தும். பச்சையை மட்டும் குறைத்துச் சாம்பலேற்றுங்கள்.

இனிக் கடல். சாலையின் ஒருபுறம் அமைதியான பெண்கடல், மறுபுறம் கொந்தளிக்கும் ஆண்கடல் என்று நீங்கள் இரண்டு நிறம் கேட்டீர்கள். நீரின் நிறம் அதே டைம்சைக் கோப்பிலிருந்து வருவதால் ஒரே நேரத்தில் ஒரு நிறம்தான் முடியும். நான் நீரைத் தொடாமல் அடியைத் தொட்டேன். பாக் நீரிணைப் பக்கம் ஒன்றரை மீட்டர் ஆழத்தில் வெளிர்மணல் தரை ஒன்றை விரித்து, மன்னார் வளைகுடாப் பக்கம் தரையைச் சட்டென்று இறக்கிக் கருநீலமாக்கினேன். நீர் ஒளிபுகும் என்பதால் மேலிருந்து பார்க்க இரண்டு கடல் வந்துவிட்டது. அலைக்கும் வழி இருக்கிறது: நீர்க் கோப்பில் ஒவ்வொரு நீர்ப்பரப்பின் ஒவ்வொரு மூலைக்கும் அலை உயரத்துக்கென எண்கள் உண்டு. ஆண்கடல் பக்கம் ஏற்றி, பெண்கடல் பக்கம் இறக்கிவிட்டேன். அரிச்சல்முனையில் நின்றால் வலக்காதில் இரைச்சல் கேட்பதுபோலவே இருக்கிறது.

3 ஆகஸ்ட் 2025

வேறொரு புதிய ஆட்டத்திலிருந்து கடற்கரைப் பாறைகளையும் மரங்களையும் உருவியெடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்கிறார். கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் பாறை நம் கடற்கரையில் இல்லை. இன்னொரு மோட் (ஆட்டத்தில் நாமாகச் சேர்க்கும் மாற்றம்) செய்தவரின் மாடலை எடுப்பதானால் அவரைக் கேளுங்கள், பெயரைப் போடுங்கள். நான் செய்த பனைமரத்தை ஒருவர் தம்முடையதென்று ஏற்றியிருந்தார். மட்டையில் நான் தவறாக வைத்த ஒரு முக்கோணம் அங்கேயும் தவறாகவே இருந்ததைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டேன்.

24 ஆகஸ்ட் 2025

பெண் மாடலில் சேலையின் முந்தானை நிற்கவேயில்லை என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். தோளிலிருந்து தொங்கும் துணிக்கு இந்த எலும்புக்கூட்டில் எலும்பு கிடையாது. மார்பெலும்புக்குக் கொடுத்தால் பலகையாகிறது, கைக்குக் கொடுத்தால் இறக்கையாகிறது. இரண்டு மாதம் இதில் போராடிவிட்டு, சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பார்த்தபின் விட்டுவிட்டேன். அவர்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு முந்தானையை உள்ளே அடக்கிவிடுகிறார்கள். கடலில் துணி அலைபாயாமல் இருப்பதற்கு அவர்கள் கண்ட வழி, எஞ்சினுக்குள்ளும் அப்படியே செல்லுபடியாகிறது. இடுப்புக்குக் கீழே சேலைக்கு, மே 11 அன்று கைலிக்குச் சொன்ன எடையையே கொடுக்கலாம். கெண்டைக்காலை மட்டும் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றியிருக்கும் துணிப்பட்டைகளை முதலில் வடிவமாகச் செய்தேன். ஐந்து விரலுக்கும் தனித்தனி எலும்பு இல்லாத கையில் அது வீண். டெக்ஸ்சரில் தீட்டினாலே போதும். ஒவ்வொரு விரலிலும் வேறு வேறு சேலைத் துண்டின் நிறம் இருக்கட்டும். ஒரே வெள்ளைத் துணியாகத் தீட்டியிருந்தேன், ஆஸ்பத்திரிக் கட்டுப் போலிருந்தது.

16 நவம்பர் 2025

ஜூலை 13 குறிப்பைத் திருத்தவேண்டியிருக்கிறது. மாமா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்திருந்தார். ஆட்டத்தை ஓட்டிக் காட்டினேன். மீனவரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கைலியைப் பார்த்து லேசாகச் சிரித்தார். தனுஷ்கோடிச் சாலையில் நிறுத்தியதும் கேட்டார்: “மாப்ளே, இது எந்த மாசம்?”

மாதம் என்று எதையும் நான் வைக்கவில்லை என்றேன்.

“வாடைக்காத்து விழுந்தா வடகடல்தான்டா அடிக்கும். இப்ப போய்ப் பாரு, தென்கடல் குளம் மாதிரி கிடக்கு. நீ சொல்ற பொண்ணு ஐப்பசியில ஆம்பளையாயிரும்.”

தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாவும் வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணையும் கொந்தளிக்கும் என்பது எனக்குத் தெரியாததன்று. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். ஆனால் அலைக்கான எண்களை ஜூலையில் உட்கார்ந்து தட்டினேன், ஜன்னலுக்கு வெளியே ஜூலையே இருந்தது.

இப்போது நீர்க் கோப்பை இரண்டாகச் செய்து, ஆனி முதல் புரட்டாசி வரைக்கு ஒன்று, ஐப்பசி முதல் தை வரைக்கு ஒன்று என்று தனித்தனிக் கோப்புறைகளில் வைத்திருக்கிறேன். மோட்களை ஆட்டத்தில் ஏற்றும் கருவியான மோட் லோடரில் வேண்டியதை மட்டும் இயக்கிக்கொள்ளலாம். வாடைக்காலக் கோப்புறையில் டைம்சைக் வரிகளும் மாறும். நண்பகல் வெண்மையைக் குறைத்து மேகத்தை ஏற்றியிருக்கிறேன், பெண்கடலின் அடிமணலைக் கலங்கல் நிறமாக்கியிருக்கிறேன். மாசியிலிருந்து வைகாசி வரைக்கு என்ன செய்வதென்று மாமாவிடம் இன்னும் கேட்கவில்லை. தொண்டிக்காரர் இதற்குள் தம் மீனவரை 1024-க்கு இறக்கி, முழங்கைக்கு மூன்று வளையம் வைத்து அனுப்பியிருக்கிறார். காது இன்னும் ஆயிரத்து முந்நூறு முக்கோணம்தான்.